மலைப்பாதையில் பிரேக்கும் நிதானமும்: ஹட்டன் பக்கத்து ஒருநாள் மோட்டார் சைக்கிள் பயிற்சி

இலங்கை மலையகத்தில் ஹட்டனுக்கும் தலவாக்கலைக்கும் இடைப்பட்ட தேயிலைத் தோட்டமொன்றின் மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கும் ஒருநாள் மோட்டார் சைக்கிள் பயிற்சியைப் பற்றியது இந்த மதிப்பீடு. பெயர்ப்பலகையோ விளம்பரமோ கிடையாது. ஹட்டன், கொட்டகலைப் பக்கத்துக் கராஜ்களில் விசாரித்தால் வழி சொல்வார்கள். புதிதாக ஓட்டப் பழகுகிறவர்களை இவர்கள் சேர்ப்பதில்லை. சாரதி அனுமதிப்பத்திரம் வைத்துக்கொண்டு தினமும் வேலைக்கோ கடைக்கோ வண்டியில் போய்வருகிறவர்களுக்கு இரண்டே விடயங்களைச் சொல்லித் தருகிறார்கள்: பிரேக்கை எப்படிப் போடுவது என்பது ஒன்று, மோசமாக ஓட்டுகிறவர்களுக்கு நடுவில் நிதானம் தவறாமல் எப்படி இருப்பது என்பது மற்றொன்று. இரண்டும் ஒரே பாடம் என்பது பயிற்றுநரின் கட்சி. கட்டணம் ஒரு நல்ல முன் டயரின் விலையைவிடக் குறைவு. கொடுத்த காசுக்கு மேலாகவே கிடைக்கிறது என்பது என் கணிப்பு. ஆனாலும் குறைகள் உண்டு, அவற்றில் இரண்டு சிறியவை அல்ல.

இப்படியொரு வகுப்புக்குத் தேவை இருக்கிறதா என்று கேட்பவர்கள் நம் பக்கத்து வண்டிகளையும் பாதைகளையும் ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம். அனுமதிப்பத்திரப் பரீட்சைக்காக லேனர்ஸ் என்ற சாரதிப் பயிற்சிப் பாடசாலையில் நாம் பழகுவதெல்லாம் சமதரையில், மெதுவான வேகத்தில், காலை ஊன்றாமல் ஓட்டிக் காட்டுவதைத்தான். மழை பெய்து ஓய்ந்த இறக்கத்தில், முன்னால் போகும் கொழுந்து லொறி திடீரென நின்றால் எந்தப் பிரேக்கை எவ்வளவு அழுத்துவது என்பதை ஒவ்வொருவரும் தானாகத்தான் கற்றுக்கொள்கிறார்கள்; அந்தப் பாடத்துக்குச் செலவு அதிகம். வண்டிகளின் நிலையும் அப்படித்தான். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திறந்துவிடப்பட்டது. இடைப்பட்ட காலமெல்லாம் பெரும்பாலும் பழைய வண்டிகளே கைமாறிக் கைமாறி ஓடின. ஆகவே வகுப்புக்கு வந்த வண்டிகளில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். உள்ளவை சிலவே, மற்றவை ட்ரம் பிரேக் வைத்த பழைய பஜாஜ் வண்டிகளும், முன்னால் மட்டும் டிஸ்க் உள்ளவையும், ஒன்றிரண்டு ஸ்கூட்டிகளும். வருடாவருடம் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கும்போது புகைப் பரிசோதனைச் சான்றிதழ் கேட்கப்படுகிறது. பிரேக் பேட் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்ற கேள்வி அங்கே எழுவதே இல்லை.

அந்தக் கேள்வியை இங்கே முதலில் கேட்கிறார்கள். வண்டியில் ஏறுவதற்கு முன் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எல்லோரையும் குந்தவைத்துத் தத்தம் வண்டியின் பிரேக்கைப் பார்க்க வைக்கிறார்கள். டிஸ்க் என்ற சுழலும் தட்டை இறுக்கிப் பிடிக்கும் கெலிப்பருக்குள் டோர்ச் அடித்து, பேட்டின் உராயும் பகுதி ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீற்றருக்கு வந்துவிட்டதா, நடுவிலுள்ள தேய்மான வெட்டு இன்னும் தெரிகிறதா என்று ஒவ்வொருவரும் தாமே பார்த்துச் சொல்ல வேண்டும். ட்ரம் பிரேக் என்றால், பிரேக்கை அழுத்தும்போது வெளியிலுள்ள பிரேக் நெம்புகோலின் சிறு அம்புக்குறி எந்த இடத்தில் நிற்கிறது என்பதைப் பார்க்கச் சொல்கிறார்கள்; உள்ளே உராயும் ஷூ எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதை அது காட்டும். எனக்குப் பக்கத்தில் நின்ற பெரியவரின் வண்டியில் பின் பிரேக் கம்பியின் நட்டு திருகத் திருகக் கடைசி மரைக்கே வந்திருந்தது. பிரேக் பிடிக்கிறதுதானே என்று அவர் நம்பிக்கையோடுதான் இருந்தார். பயிற்றுநர் அந்தப் பெடலைக் கையால் அழுத்திக் காட்டி, "ஐயா, நட்டுல இனிமே இடமில்ல. ஷூவ மாத்தாம இத எடுத்துக்கிட்டு ரதெல்லைப் பக்கம் இறங்கிடாதீங்க" என்றார். அதட்டலோ கேலியோ அதில் இல்லை, பெரியவரும் தலையாட்டிக்கொண்டார்.

பிரேக் ஒயில் பற்றிய விளக்கம் எனக்கு மிகவும் பயன்பட்டது. அந்த ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் தன்மையுடையது. டொட் 4 என்ற தரத்திலுள்ள புதிய ஒயில் குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்காமல் நிற்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறிய பின் அந்த எல்லை 155 பாகைக்கு இறங்கிவிடலாம். நீண்ட இறக்கத்தில் பிரேக்கைத் தொடர்ந்து பிடித்துக்கொண்டே வரும்போது டிஸ்க்கின் சூடு கெலிப்பருக்குள் ஏறி, ஒயில் கொதித்து ஆவிக் குமிழியானால், லீவர் கைப்பிடி வரை வந்து ஒட்டிக்கொள்ளும், வண்டி நிற்காது. ஈரப்பதமும் பனியும் வருடம் முழுவதும் நிற்கும் நம் பிரதேசத்தில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஒயிலை மாற்றச் சொல்வது கராஜ்காரரின் வியாபாரத் தந்திரம் என்று நினைத்திருந்த பலர், அன்று மூடியைத் திறந்து உள்ளே கறுத்துக் கிடந்த ஒயிலைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை.

பிறகு மைதானத்துக்குப் பக்கத்திலுள்ள பழைய சீமெந்துத் தளத்தில் பயிற்சி. முதலில் பின் பிரேக்கை மட்டும் போட்டு நிற்க வேண்டும், பிறகு முன் பிரேக்கை மட்டும், கடைசியாக இரண்டையும். ஒவ்வொரு தடவையும் வண்டி நின்ற இடத்தில் உதவியாளர் சோக்கட்டியால் கோடு போடுகிறார். பின் பிரேக்கை மட்டும் நம்பியவர்களின் கோடு எவ்வளவு தள்ளிப் போய் விழுந்தது என்பதைப் பார்த்த பிறகு விரிவுரைக்குத் தேவையே இருக்கவில்லை. முன் பிரேக்கைத் தொட்டால் கவிழ்ந்துவிடுவோம் என்ற பயம் நம்மூரில் தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு வரும் சொத்து. வகுப்புக்கு வந்தவர்களில் பலர் அதைக் கொண்டுதான் வந்திருந்தார்கள். பிரேக் போட்டதும் வண்டியின் பாரம் முன்னால் சாய்கிறது, முன் டயர் தரையோடு அழுந்துகிறது, பின் டயர் இலேசாகிறது. ஆகவே நிறுத்தும் வேலையில் பெரும்பங்கை முன் பிரேக்கே செய்கிறது. ஆனால் அந்தப் பாரம் முன்னால் வந்து சேர ஒரு நொடிப்பொழுது வேண்டும். அதற்குள் வெடுக்கென்று இழுத்தால் இன்னும் அழுந்தாத டயர் பூட்டிக்கொண்டு வழுக்கும். தேங்காய்ப்பூவில் பால் பிழியும்போது கை எப்படி மெல்லத் தொடங்கிப் பிறகு இறுகுகிறதோ அப்படி லீவரை இறுக்கச் சொன்னார் பயிற்றுநர். அதைக் கேட்டதும் வகுப்பிலிருந்த ஒரே பெண்மணி சிரித்தார். அடுத்த சுற்றில் எல்லோரையும்விடக் குறைந்த தூரத்தில் நிறுத்திக் காட்டியவரும் அவரே.

ஏ.பி.எஸ். பற்றிச் சொன்னவை சரியானவை, ஆனால் சுருக்கமானவை. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பதுதான் அதன் வேலை. எல்லாத் தரையிலும் தூரத்தைக் குறைத்துவிடும் என்று நம்ப முடியாது. நம் சந்தையிலுள்ள 150 சி.சி. வண்டிகள் பலவற்றில் அது முன் சக்கரத்துக்கு மட்டுமே இருக்கிறது, பின் சக்கரம் வழமைபோலப் பூட்டிக்கொள்ளும். லீவர் விரலுக்குள் துடித்தால் பயந்து கையை எடுக்காமல் அப்படியே பிடித்திருக்க வேண்டும் என்பதைச் சரளையில் ஓட்டிக் காட்டினார்கள். 2025 நவம்பரில் டித்வா புயலோடு வந்த மண்சரிவுகளுக்குப் பின், திருத்தப்பட்ட இடங்களில் தாரும் சரளையும் களிமண்ணும் மாறி மாறி வரும் பாதைகளில் போகிறவர்களுக்கு, இந்தச் சரளைப் பகுதிக்கு இன்னும் அரை மணித்தியாலம் ஒதுக்கியிருக்கலாம்.

தேநீருக்குப் பின் ஏ7 வீதிக்கு அழைத்துப் போகிறார்கள். அவிசாவளையிலிருந்து கினிகத்தேனை, ஹட்டன், தலவாக்கலை, நானுஓயா வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் அந்த வீதியைப் பற்றி நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. தேயிலை மலைகளை வளைத்து வளைத்துப் போகிறது. நூறு மீற்றர் நேராகத் தெரியும் இடங்களே குறைவு. ஏறும்போது எந்தக் கியரோ இறங்கும்போதும் அந்தக் கியர் என்ற பழைய சாரதிமாரின் பேச்சையே பயிற்றுநரும் சொன்னார். அதோடு ஒரு கணக்கையும் போட்டுக் காட்டினார், அந்தக் கணக்குத்தான் என் தலைக்குள் நின்றது. மணிக்கு 40 கிலோமீற்றரில் போகும் வண்டி ஒரு வினாடியில் ஏறத்தாழ 11 மீற்றர் ஓடிவிடும். கண் பார்த்து, மூளை உணர்ந்து, கை லீவரைத் தொடுவதற்குள் அந்தத் தூரம் போய்விடுகிறது. காய்ந்த சமதரையில் உறுதியாகப் பிரேக் போட்டால் அதன் பிறகு இன்னொரு 10 மீற்றரில் நிற்கலாம். அதே வேகத்தில், பத்துக்கு ஒன்று சரிவுள்ள இறக்கத்தில், தரையும் நனைந்திருந்தால், பிரேக்குக்கு மட்டும் ஏறத்தாழ 20 மீற்றர் வேண்டும். எல்லாம் கூட்டினால் மூன்று பஸ்களை வரிசையாக நிறுத்திய நீளம். வேகம் இரட்டித்தால் பிரேக் தூரம் நாலு மடங்காகும். இப்படிக் கணக்கை வைத்துக்கொண்டு பார்த்தால், வளைவுக்கு அப்பால் எத்தனை மீற்றர் கண்ணுக்குத் தெரிகிறதோ அத்தனைக்குள் நிற்க முடிகிற வேகமே அந்த வளைவுக்கான வேகம். பலகையில் எழுதியிருப்பது வேறு விடயம்.

நியூட்ரலில் விட்டு இறங்கும் பழக்கத்தைப் பற்றி இங்கே கடுமையாகப் பேசுகிறார்கள். 2022இல் பெற்றோல் தட்டுப்பாடு வந்து, கியூ.ஆர். முறையில் மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு நாலு லீற்றர் என்று அளந்து கொடுத்த காலத்தில், ஹட்டனிலிருந்து கினிகத்தேனை வரை எஞ்சினை நிறுத்தியே இறங்கியவர்களை நானும் பார்த்திருக்கிறேன். தட்டுப்பாடு தீர்ந்தும் பழக்கம் தீரவில்லை. எஞ்சின் பிடித்து வைத்திருக்க வேண்டிய வண்டியின் பாரம் முழுவதையும் பிரேக்கின் தலையில் ஏற்றுவதுதான் இந்தச் சேமிப்பு. பெரிய வாகனங்களுக்கு இது இன்னும் பெரிய விடயம் என்பதை இந்த மாவட்டத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை: 2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயா ரதெல்லைக் குறுக்கு வீதியின் செங்குத்தான இறக்கத்தில் பாடசாலைச் சுற்றுலா பஸ் ஒன்று வேனிலும் ஓட்டோவிலும் மோதி ஏழு பேர் இறந்தார்கள், 2025 மே 11ஆம் திகதி கொத்மலை கெரண்டி எல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பயிற்றுநர் இவற்றைப் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. இறக்கத்தில் பின்னால் வரும் பஸ்ஸுக்கு நம்மைப்போல உடனே நிற்க முடியாது என்பதை மனத்தில் வைத்துத்தான் நாம் பிரேக் போட வேண்டும் என்பதற்காகச் சொன்னார். முன்னால் ஆபத்தைக் கண்டதும் முதலில் இலேசாகத் தொட்டுப் பிரேக் விளக்கை எரிய வைப்பது, பிறகு இறுக்குவது. நின்ற பின்னும் முதலாம் கியரிலேயே, கண்ணாடியில் பின்னால் பார்த்தபடி, விலகிப் போக ஒரு பக்கம் வழி வைத்துக்கொண்டு நிற்பது. இந்தப் பழக்கம் ஒன்றையே ஒருவர் வீட்டுக்குக் கொண்டுபோனாலும் கட்டணம் வசூலாகிவிட்டது என்பேன்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் பகுதியே இந்த வகுப்பை மற்றவற்றிலிருந்து வேறாக்குவது. மைதானத்தின் ஓரத்தில் ஒரு பழைய வேன் நிற்கிறது, அதில் பஸ்களுக்குப் பூட்டும் எயார் ஹோர்ன். காலையில் செய்த அதே பிரேக் பயிற்சியை, அதே கோட்டில், மணிக்கு 30 கிலோமீற்றரில் செய்ய வேண்டும். கோட்டை நெருங்கும் தறுவாயில் காதுக்குப் பின்னால் அந்த ஹோர்ன் அலறும். எப்போது அடிப்பார்கள் என்று சொல்வதில்லை. காலையில் அழகாக நிறுத்திக் காட்டிய ஓர் இளைஞர், ஹோர்ன் அடித்ததும் முன் பிரேக்கை முஷ்டியோடு பொத்திப் பிடித்தார். அதே பிடியில் அக்சிலரேட்டரும் முறுகியதால் எஞ்சின் ஒரு பக்கம் இரைந்தது, முன் சக்கரம் மறுபக்கம் வழுக்கியது. விழவில்லை, காலை ஊன்றிச் சமாளித்துக்கொண்டார். பயிற்றுநர் கிட்டப் போய், "தம்பி, அவன் ஹோர்ன் அடிச்சதுக்கும் உங்க வலது கைக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டார். இளைஞருக்குப் பதில் வரவில்லை. வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்குத்தான் விடயம் புரிந்தது.

மோட்டார் சைக்கிளில் வேகம் கூட்டுவதும் முன் பிரேக் போடுவதும் ஒரே கையின் வேலை. கோபமோ திடுக்கிடலோ வந்தால் மனிதனுக்கு முதலில் இறுகுவது முஷ்டி. காரோட்டிக்குக் கோபம் வந்தால் வாயால் போய்விடும். பைக் ஓட்டுகிறவனுக்கு அது நேராகப் பிரேக்குக்குப் போகிறது. மோசமான சாரதிகளுக்கு நடுவில் நிதானமாக இருப்பது நல்ல குணம் என்பதற்காக இல்லை, பிரேக் ஒழுங்காகப் பிடிக்க வேண்டும் என்பதற்காகவே வேண்டியிருக்கிறது என்ற அவருடைய வாதத்தை அந்த வேன் பக்கத்தில் நின்று பார்த்த எவரும் மறுக்கமாட்டார்கள். மருந்தும் உடம்பிலிருந்தே தொடங்குகிறது: முழங்கைகளைத் தளரவிடுவது, தோளைக் காதிலிருந்து இறக்குவது, வலது கையின் இரண்டு விரல்களை எப்போதும் லீவரின் மேல் இலேசாக வைத்திருந்து மற்ற விரல்களால் அக்சிலரேட்டரைப் பிடிப்பது, இடது கை விரல்களை இடையிடையே அசைத்துப் பார்ப்பது. அசைக்க முடியாத அளவுக்கு இறுகியிருந்தால் கோபம் ஏற்கெனவே வந்துவிட்டது என்று அர்த்தம். மூச்சை நீளமாக வெளியே விடவும் சொல்கிறார்கள். நல்ல யோசனைதான், ஆனால் நுவரெலியாவின் குளிரில் ஹெல்மட்டின் முகக்கண்ணாடியை மூடிக்கொண்டு நீளமாக மூச்சு விட்டால் கண்ணாடி முழுக்க ஆவி படிந்து எதிரில் வருவது பஸ்ஸா மாடா என்றே தெரியாது. கண்ணாடியை ஒரு விரலளவு திறந்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பதை வகுப்பில் யாரும் சொல்லவில்லை.

மோசமான ஓட்டுதலின் வகைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பேசிய விதம் நன்றாக இருந்தது, ஏனென்றால் அவை நம் பாதையின் வகைகள். ஏப்ரல் சீசனில் சமவெளியிலிருந்து வந்து, மலையில் ஓட்டிப் பழக்கமில்லாமல் ஒவ்வொரு வளைவிலும் நடுக்கோட்டைத் தாண்டும் கார்கள்; சிவனொளிபாதமலைப் பருவத்தில் இரவிரவாக ஓட்டிக் களைத்துப்போய் மஸ்கெலியாப் பக்கமிருந்து இறங்கும் வேன்கள்; ஆள் கை காட்டினால் கண்ணாடியைக்கூடப் பார்க்காமல் நிற்கும் ஓட்டோக்கள்; ஒன்றையொன்று முந்திக்கொண்டு ஆள் ஏற்ற ஓடும் பஸ்கள். இவற்றில் எதிரே வரும் பஸ்ஸைப் பற்றிய பாடம் தனியாகச் சொல்லத்தக்கது. கொண்டை ஊசி வளைவில் நீளமான பஸ்ஸுக்குப் பாதையின் முழு அகலமும் தேவைப்படும். அது சாரதியின் திமிர் அல்ல, வண்டியின் நீளம். வளைவுக்கு அப்பால் ஹோர்ன் சத்தம் கேட்டால் வளைவுக்குள் நுழையாமல் முன்னாலேயே நின்று பஸ்ஸை வரவிடுவதே நம் வேலை. வலப்பக்கம் திரும்பும் வளைவில் டயர் நம் பக்கத்தில் இருந்தாலும், சாய்ந்திருக்கும் தலை நடுக்கோட்டுக்கு அப்பால் போய்விடுகிறது என்பதை ஒருவரை வண்டியில் உட்கார வைத்து, வண்டியைச் சாய்த்து, தலைக்கு நேரே கீழே கல் வைத்துக் காட்டினார்கள். அந்தக் கல் கோட்டுக்கு எவ்வளவு அப்பால் கிடந்தது என்று பார்த்தவர்கள் அடுத்த வளைவிலிருந்தே இடப்பக்கம் ஒட்டி ஓட்டத் தொடங்கினார்கள்.

பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் பஸ்ஸுக்கு என்ன செய்வது என்ற இடத்தில்தான் எனக்குப் பயிற்றுநரோடு முழு உடன்பாடு இல்லை. உடனே இடப்பக்கம் ஒதுங்கி வழிவிடுங்கள் என்கிறார். பிரேக்கைத் தட்டிப் பயமுறுத்துவதோ, வேண்டுமென்றே வேகத்தைக் குறைத்து வீம்பு பிடிப்பதோ கூடாது என்பதில் எந்த மறுப்பும் இல்லை. இறக்கத்தில் அது தற்கொலைக்குச் சமம். ஆனால் நம் பாதைகளின் இடப்பக்கம் பல இடங்களில் ஆழமான கான். அதன் விளிம்பில் பாசியும் நனைந்த சருகும். பனிமூட்டத்தில் அந்த விளிம்பு கண்ணுக்கே தெரியாது. உடனே ஒதுங்குவது என்ற பழக்கத்தைவிட, பஸ் கண்ணாடியில் தெரிந்த கணத்திலிருந்தே அடுத்த அகலமான இடம், பஸ் தரிப்பிடமோ தோட்டத்துப் பாதை பிரியும் சந்தியோ, எங்கே வருகிறது என்று தேடிவைத்துக்கொண்டு, சிக்னல் போட்டு, அங்கே விடுவதே சரி. அதுவரை பின்னால் அடிக்கும் ஹோர்னைத் தாங்கிக்கொள்ளத்தானே அந்த வேன் பயிற்சி? இதை நான் கேட்டபோது, அதுவும் சரிதான் என்று ஏற்றுக்கொண்டார். ஆனால் அடுத்த குழுவுக்கும் பழைய பாடத்தையே சொன்னதாக அதில் போய்வந்த நண்பர் ஒருவர் சொல்கிறார்.

ஒருவன் நம்மை உரசிக்கொண்டு போன பின் வரும் பத்து நிமிடங்களே அதிக ஆபத்தானவை என்பது அன்று கேட்டவற்றில் நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கும் விடயம். உரசிப்போனவனைத் துரத்திப் பிடித்து ஒரு முறை முறைத்துப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் நம்மில் பலருக்கு வருவது. துரத்தும்போது நம் முன்னால் தெரியும் தூரமும் நம் வேகமும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போகின்றன, காலையில் போட்ட கணக்கெல்லாம் காற்றில் போகிறது. அடுத்த கடையில் நிறுத்தி ஒரு பிளேன்டீ குடித்துவிட்டுக் கிளம்புங்கள் என்பது பயிற்றுநரின் ஆலோசனை. நிறுத்த இடமில்லாவிட்டால், முன்னால் போகும் வாகனம் ஒரு மரத்தையோ கம்பத்தையோ கடந்த நேரத்திலிருந்து நாம் கடக்கும்வரை ‘ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு, ஆயிரத்து மூன்று’ என்று வாய்விட்டு எண்ணச் சொல்கிறார். மழையென்றால் அதை இரட்டிக்க வேண்டும். எண்ணுவது இடைவெளியை அளப்பதற்குத்தான் என்றாலும், எண்ணிக்கொண்டே திட்ட முடியாது என்பது அதிலுள்ள சூட்சுமம். இடைவெளி போதுமானதாக இருக்கும்போது, முன்னால் யாராவது குறுக்கே புகுந்தாலும் நமக்குச் செய்ய வேண்டியது லீவரைக் கொஞ்சம் இறுக்குவது மட்டுமே. இடைவெளி இல்லாதபோதுதான் அவன் செய்தது அநியாயமாகத் தெரிகிறது, நம் நெஞ்சு படபடக்கிறது. நம் கோபத்தில் முக்கால்வாசி மீற்றர் கணக்கில் வரும் குறை என்று எனக்கு அன்று தோன்றியது. இப்போதும் அப்படியே தோன்றுகிறது.

குறைகளுக்கு வருகிறேன். முதலாவது பெரிய குறை, பின்னால் ஆள் ஏற்றி ஓட்டுவது பற்றி ஒரு பயிற்சியும் இல்லாதது. இங்கே தனியாக ஓடும் பைக்கைவிட, பின்னால் மனைவியோ, நடுவில் பாடசாலைப் பிள்ளையோ, பெற்றோல் தாங்கியின் மேல் மரக்கறிப் பையோ உள்ள பைக்குகளே அதிகம். பின்னால் பாரம் இருக்கும்போது பின் சக்கரத்துக்குப் பிடி கூடுகிறது, பின் பிரேக்கின் பங்கு கூடுகிறது, நிற்கும் தூரமும் மாறுகிறது. பின்னாலிருப்பவர் முன்னால் சரிந்து ஓட்டுகிறவரின் கையை நெருக்குவதும் உண்டு. இவற்றையெல்லாம் செய்து பார்க்காமல் வகுப்பை முடிப்பது, நாம் அன்றாடம் ஓட்டும் வண்டியை விட்டுவிட்டு வேறொரு வண்டியைப் பழக்குவதாகிறது.

இரண்டாவது, ஸ்கூட்டிக்காரர்களை மறந்துவிட்டார்கள். கியரை இறக்கி எஞ்சினால் பிடியுங்கள் என்ற பாடம் அவர்களுக்கு உதவாது. ஸ்கூட்டியில் வேகம் ஓரளவுக்குக் கீழே போனதும் கிளட்ச் தானாகவே விடுபட்டு, எஞ்சின் பிடிப்பு முற்றாக இல்லாமல் போகிறது. பிறகு எல்லாப் பாரமும் பிரேக்குக்குத்தான். அக்சிலரேட்டரை முற்றாக மூடிவிடாமல் ஒரு துளி திறந்து வைத்துக் கிளட்ச் பிடித்திருக்கும்படி இறங்குவது, பிரேக்கை இலேசாகத் தேய்த்துக்கொண்டே வராமல் உறுதியாகப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டுக் கையை எடுத்துச் சூடு ஆறவிடுவது, நீண்ட இறக்கங்களில் நடுவில் நிறுத்துவது ஆகியவை அவர்களுக்கான பாடங்கள். அந்தப் பெண்மணி இதைக் கேட்டபோது, மெதுவாக இறங்குங்கள் அக்கா என்பதோடு பதில் முடிந்துவிட்டது. மலையகத்தில் ஸ்கூட்டியில் வேலைக்குப் போகும் ஆசிரியைகளும் தாதிமாரும் வருடாவருடம் கூடிவரும் நிலையில் இது சரியான பதில் அல்ல.

சிறிய குறைகள்: கொடுக்கும் குறிப்புத்தாள் சிங்களத்தில் மட்டும் அச்சாகியிருக்கிறது; வகுப்பு இரண்டு மொழியிலும் தெளிவாக நடப்பதால் இது பெரிய இடைஞ்சல் இல்லை, ஆனால் வீட்டுக்குப் போய்த் திருப்பிப் பார்க்க விரும்புகிறவர்களுக்குக் குறைதான். சாப்பாட்டுக்குப் பிறகு பொறுமை பற்றிய பேச்சு வேன் பயிற்சிக்கு முன்னால் நீண்டுகொண்டே போகிறது. அதைப் பாதியாக்கி ஹோர்னை இன்னும் இரண்டு சுற்று அடித்திருக்கலாம். மழை வந்தால் வகுப்பை ஒத்திவைக்கிறார்கள். ஹட்டனில் மழைக்கு ஒத்திவைத்தால் வருடத்தில் எத்தனை ஞாயிறு மிஞ்சும் என்பது ஒரு பக்கம் இருக்க, நனைந்த சீமெந்தில் மெதுவான வேகத்திலாவது பிரேக் போட்டுப் பார்க்காமல் இந்தப் பாடம் முழுமையாகாது.

தினமும் ஏ7இலோ, கம்பளையிலிருந்து புசல்லாவை, ரம்பொட வழியாக ஏறும் ஏ5இலோ போய்வருகிறவர்கள், குறிப்பாகப் பல வருடம் ஓட்டி முன் பிரேக்கைத் தொடாமலே பழகிவிட்டவர்கள், கட்டாயம் ஒருமுறை போகலாம். ஸ்கூட்டிக்காரர்கள் பாதி நாளுக்குத்தான் பயன் பெறுவார்கள். அவர்களுக்கெனத் தனிப் பகுதி சேர்க்கப்படும்வரை காத்திருப்பது நல்லது. புறப்படுவதற்கு முதல் நாளே பேட்டையும் பிரேக் ஒயிலையும் உங்கள் கராஜில் காட்டிவிடுங்கள், ஏனென்றால் தேய்ந்த பேட்டோடு வரும் வண்டியைப் பாதைப் பயிற்சிக்குச் சேர்ப்பதில்லை, கட்டணத்தையும் திருப்பித் தருவதில்லை. செருப்போடு வருகிறவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்புகிறார்கள்; கையுறை இல்லாதவர்களுக்கு மட்டும் அங்கேயே ஒரு சோடி கடனாகக் கிடைக்கும்.